முட்டுக்கொம்பில் ஒரு துளிர்

கொய்யாமரத்துக்குத் தோட்டத்து வேலியைக் கண்டாலே ஆகாது. அது கிளுவைக் கொம்புகளை நட்டு வளர்த்த உயிர்வேலி. அதில் இல்லாத பூச்சி இல்லை.

"ஊர்ப் பூச்சிக்கெல்லாம் இடம் கொடுத்து வச்சிருக்க. நாளைக்கு அத்தனையும் என் மேலதானே ஏறும்?" என்று கொய்யா தினமும் திட்டும். கிளுவை பதிலே பேசாது.

தோட்டக்காரருக்கும் அதே எண்ணம்தான். வேலியை வெட்டிவிட்டுக் கம்பி போட்டார். வெட்டிய கொம்பு ஒன்றை, காய்ப்பாரத்தில் சாய்ந்த கொய்யாக் கிளைக்கு முட்டுக்கொடுத்து ஊன்றினார். கொய்யாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டே மாதத்தில் கொய்யா முழுக்க மாவுப்பூச்சி வெள்ளையாய் அப்பிக்கொண்டது. அந்தப் பக்கம் பறந்த பொறிவண்டைக் கொய்யா கெஞ்சிக் கூப்பிட்டது.

"இதையெல்லாம் தின்னுட்டுப் போயேன்."

"வேலி இருந்தவரைக்கும் அதைத்தானே செஞ்சோம்? அங்க குடியிருந்தோம், உன்கிட்ட வந்து சாப்பிட்டோம். இனி கம்பியிலயா குடியிருக்கறது?" என்றபடி வண்டு பறந்துவிட்டது.

அப்போதுதான் முட்டுக்கொம்பில் ஒரு துளிர் விட்டிருப்பதைக் கொய்யா பார்த்தது.

"சீக்கிரம் வளந்துடு."

கிளுவை முதல்முறையாகப் பதில் பேசியது. "வளர்றேன். அதுவரைக்கும் நீ இருப்பியா?"