கண்மேல் காசு
பர்மிங்ஹாமின் புகையேறிய சன்னல் வழியே காலை வெளிச்சம் சைலஸின் முகத்தில் விழுகிறது. விடியலில் உயிர் அடங்கிய உடம்பு இன்னும் விறைக்கவில்லை. கண் திறந்துவிடாதபடி அவனுடைய அக்கா கெசையா வைத்த இரண்டு செப்புக் காசுகள் இமைகளை அழுத்திக் கிடக்கின்றன. ரொட்டிக் கடையிலிருந்து ரொட்டியில்லாமல், கொண்டுபோன காசோடே திரும்பிய அவன் மனைவி டார்கஸ் கட்டிலருகே நிற்கிறாள். "பித்தான் பட்டறையில இவருக்குக் கூலின்னு குடுத்ததெல்லாம் கள்ளக் காசு அண்ணி. நேத்துவரைக்கும் வாங்குனாங்க. இன்னைக்குக் கடைக்காரங்க எல்லாரும் கூடிப் பேசி, இனிமே தொட மாட்டோம்னுட்டாங்க." கெசையா அவள் கையிலிருந்த காசுகளில் ஒன்றை வாங்கி, நெருப்பில்லாத கணப்பின் கல்லில் போடுகிறாள். கணீரென்று ஒலிக்காமல் சொத்தென்று விழுகிறது. "ராஜா மூஞ்சிய மட்டும் அச்சு அசலா அடிச்சிருக்கான், பாவி." அடுத்த அறையில் பிள்ளைகள் ரொட்டி கேட்டு அழுகிறார்கள். கெசையா தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள்: "இந்த வீட்டுல நல்ல காசு அது ரெண்டுதான். எடுத்துக்கோடி. மாத்தி வெச்சா அவனுக்கா தெரியப்போகுது?" டார்கஸ் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் கள்ளக் காசுகளை வைக்கிறாள். அதே வட்டம், அதே ராஜா தலை. கதவை எட்டும்போது பின்னால் கெசையா "ஐயோ" என்கிறாள். டார்கஸ் திரும்புகிறாள். கனமில்லாத காசைத் தூக்கிக்கொண்டு இடது இமை மெல்ல உயர்கிறது. காசு தலையணையில் சரிகிறது. சைலஸ் அவளையே பார்க்கிறான். டார்கஸ் கையை இன்னும் இறுக மூடிக்கொள்கிறாள்.