பிழையில்லாத பதில்

மறுநாள் அம்ஹாவுக்குக் கொழும்புக் கம்பனியொன்றின் நேர்முகப் பரீட்சை. கம்பஸில் இறுதியாண்டு, ஏற்கெனவே மூன்று கம்பனிகள் அவளை வேண்டாமென்றுவிட்டன. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற ஒரே கேள்விக்கான பதிலைக் கல்முனை வீட்டின் அறைக்குள் இருந்து காலையிலிருந்து போனில் பதிவுசெய்துகொண்டிருந்தாள். ஒரு சொல் தடுமாறினாலும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். உம்மா வைத்த சோறு மேசையில் காய்ந்தது.

"போதும் மகள், நல்லாத்தானே இரிக்கி."

"ஒரு பிழையும் இரிக்கப்படா உம்மா."

பள்ளியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது, பேசிப் பேசி அவளுக்குக் குரல் கம்மிவிட்டது. முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். வாளியை இறக்கும்போது அறைக்குள்ளிருந்து அவளுடைய குரல் கேட்டது. பதிவுதான் ஓடுகிறதென்று நினைத்தாள். ஆனால் போன் அவள் இடுப்பில் செருகியிருந்தது. அந்தக் குரல் பதிலை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொல்லி முடித்தது.

ஓடிவந்தாள். அறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. பலங்கொண்ட மட்டும் தட்டினாள். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த உம்மா வந்து அவள் கையைப் பிடித்தார்.

"தட்டாதீங்க மகள். எங்கட புள்ள நாளைய இன்டவியூக்குப் படிக்கிறா."

"உம்மா, நான்தான் அம்ஹா! என்னப் பாருங்க!"

உம்மா பார்த்தார். தெருவில் அழுகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்களும் அவட கம்பஸா? எவ்வளவு வடிவாக் கதைக்கிறா, கேட்டீங்களா?"

அம்ஹாவுக்கு அழுகை வெடித்தது. உம்மா அவளைக் கதிரையில் இருத்தி, விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"குடிச்சிட்டுப் போங்க மகள். உங்கட உம்மாவும் தேடுவாங்க."