நீலச் சட்டைக்காரர் பக்கம்

லண்டன் வெம்பிளி கால்பந்து மைதான வாசலில் பிளாக் டிக்கெட் விற்றவன் நீட்டிய டிக்கெட்டைக் குலசேகரம் வாங்கவில்லை.

"நடு கேலரி சார். ஃபைனலுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது" என்றார் அலுவலக நண்பர் வாசுதேவன்.

"எனக்கு நீலச் சட்டைக்காரர் நிக்கிற பக்கம்தான் வேணும்."

"கோல் கம்பத்துக்குப் பின்னாடி ஆட்டமே சரியாத் தெரியாதே?"

"பரவாயில்லை."

கேட்ட விலையைக் கொடுத்து அந்தப் பக்கத்துக்கே இருவரும் வாங்கினார்கள். உள்ளே போனதும் குலசேகரம் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். முதல் கோலுக்குக் கூட்டமே துள்ளியது, அவர் திரும்பவில்லை.

"சார், ஆட்டம் அங்க நடக்குது."

"மகன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம், வாசுதேவன். செமி ஃபைனலை டிவியில காட்டேக்கை, இந்த நீலச் சட்டைச் சனத்துக்குள்ள அவன்ரை முகத்தை ஒருக்காக் கண்டனாங்கள்."

வாசுதேவனும் மெல்லத் திரும்பி நின்றுகொண்டார்.

நீல அணி தோற்றது குலசேகரத்துக்கு நீலச் சட்டைக்காரர்களின் முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்தது. அத்தனை முகங்களிலும் மகனுடையது இல்லை.

வீட்டில் மனைவி தவநாயகி டிவியைக்கூடப் போடாமல் கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"கண்டனீங்களோ?"

"இல்லை."

அவள் கதவைச் சாத்தினாள். பிறகு கேட்டாள்.

"அவன்ரை டீமாவது வெண்டு கப்பை எடுத்ததோ?"

"ஓம்" என்றார் குலசேகரம்.