அடுத்த வீடு இல்லாத வீடு

"உள்ள நின்னு கத்தினா அடுத்த வீட்டுக்குக் கேட்குங்களா?"

சிவசாமி இப்படிக் கேட்டதும் புத்தளத்து வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கிணறு வற்றுமா, கூரை ஒழுகுமா என்று கேட்டவர்களை அவர் பார்த்திருக்கிறார். இது புதுக் கேள்வி.

கூட வந்த சரிபுதீனுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மலைநாட்டு வட்டகொடையில் துணிக்கடை வைத்து எல்லோருக்கும் ‘நானா’, அதாவது அண்ணன், ஆகிவிட்டாலும் அவருக்குச் சொந்த ஊர் புத்தளம். அந்தப் பக்கம் ஒரு வீடு பார்த்துக் கொடுங்கள் என்று சிவசாமி கேட்டதால்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

சிவசாமி, தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் வருகிறார் என்றாலே ஃபாக்டரியில் பேச்சு நின்றுவிடும். இப்போது அவருடைய வேலை அவர் மகனுக்குக் கிடைத்து, குடும்பம் பழைய குவார்ட்டர்ஸிலேயே இருந்தது.

மனைவி நாகலெட்சுமிக்கு முழங்கால் வீக்கம். பனிக்காலம் முடியும்வரை இந்தம்மா மலையில் இருக்கவே கூடாது, வெயில் காயும் ஊராகப் பார்த்துக் கூட்டிப் போங்கள் என்று தோட்டத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வெயிலுக்கா பஞ்சம்? மாத்தளையில் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு அமைந்தது. சுவரை ஒட்டி இன்னொரு வீடு இருக்கிறதே என்று சிவசாமி வேண்டாம் என்றார். குருணாகலில் பார்த்த வீட்டின் வாசலோடு திரும்பினார். பின்பக்கம் ஆள் நடமாட்டமாம்.

புத்தளத்தில் கேள்வியோடு விடவில்லை. சரிபுதீனை அடுத்த வீட்டு வேலியோரம் நிறுத்திவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார். பிறகு வெளியே வந்தார்.

"கேட்டுச்சா நானா?"

"நல்லாவே கேட்டுச்சுங்க."

"அப்ப இது சரிவராது."

திரும்பி வரும்போது ரயிலில் சரிபுதீனுக்குக் கண் மூட முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி உம்மு குல்சுமிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே விட்டாள்.

"அந்தம்மா கடைக்கு வந்தா வாயே தொறக்க மாட்டாங்க. நான் எதச் சொன்னாலும் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு நிப்பாங்க. அடிக்கிற மனுசனாத்தான் இருக்கணும். இங்கன்னா மகன் கேட்பான். அங்க யாரு கேட்பா?"

கடைசியில் சிவசாமியே ஒரு வீடு பிடித்தார். சிலாபத்துக்கு வெளியே, பெரிய தென்னந்தோட்டத்தின் நடுவில் ஓட்டு வீடு. அடுத்த வீடு குளத்துக்கு அந்தப் பக்கம். கடைக்கு வந்து சேதி சொன்னபோது அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு மலர்ச்சி தெரிந்தது. அவர் படியிறங்கியதும் சரிபுதீன் உம்மு குல்சுமிடம் ஓடினார்.

அவர்கள் போன பிறகு உம்மு குல்சும் நச்சரிக்கத் தொடங்கினாள். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அந்தம்மா உயிரோடு இருக்கிறார்களா என்றாவது தெரியட்டும் என்றாள். பொங்கல் கழிந்ததும் மலைக் காய்கறியாகக் கோவாவும் லீக்ஸும் கட்டிக் கொடுத்து அவரை அனுப்பியும் வைத்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்து, தென்னந்தோட்டத்துக்குள் சரிபுதீன் நடந்தார். வீட்டின் ஓடு கண்ணுக்குத் தெரிந்த நேரம், உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் கூக்குரல் கேட்டது. சற்று நின்று, மறுபடியும் கேட்டது.

காய்கறிப் பையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார். சாத்தியிருந்த கதவைத் தள்ளித் திறந்தார்.

நடுவீட்டில் சிவசாமி நின்றிருந்தார். தலையில் தொப்பியாகக் கவிழ்த்த சுளகு. வேட்டி அரைக்கால் சட்டை மாதிரி முழங்காலுக்கு மேல் சுருட்டிக் கட்டியிருந்தது. கக்கத்தில் பிரம்பாக ஒரு தென்னை ஈர்க்குக் கட்டு. மோவாயை நிமிர்த்தி, தோட்டத்து மேனேஜர் துரை பேசுகிற தமிழில் அதட்டிக்கொண்டிருந்தார்.

"ஏய் டீமேக்கர், என்னா மேன் இது? தேயிலயா, மாட்டுக்குப் போடற வைக்கலா?"

எதிரே நாகலெட்சுமி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பைச் சரிபுதீன் ஆயுளில் கேட்டதில்லை. வெளியே தென்னையில் இருந்த காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

சரிபுதீனைப் பார்த்ததும் சிவசாமி அவசரமாகச் சுளகை எடுத்தார். நாகலெட்சுமிக்கோ சிரிப்பு நிற்கவில்லை. உட்காருங்கள் என்று கையால்தான் காட்ட முடிந்தது. மூச்சிரைக்க நின்ற சரிபுதீனும் தன்னை அறியாமல் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மூச்சு வந்த பிறகு அவள் சொன்னாள்: "எங்க குவார்ட்டர்ஸுக்கு நேர் மேல தொரை பங்களா நானா. கல்யாணம் முடிஞ்ச புதுசுல நான் சிரிச்சது அங்க வரைக்கும் கேட்டிருச்சு. நாய் மெரளுதுன்னு துரைசாணி ஆள் விட்டுச் சொன்னாங்க. அன்னையிலேருந்து, இவரு என்ன கூத்து பண்ணினாலும் தலகாணிய வாயில அமுக்கிக்கிட்டுத்தான் சிரிக்கிறது."

சரிபுதீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிவசாமியிடம் திரும்பினார். "இதுக்காகவா ஐயா ஊர் ஊரா அலைஞ்சீங்க?"

சிவசாமி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டே, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்:

"முட்டிக்கு வெயில் எந்த ஊர்லயும் கெடைக்கும் நானா. இவ வாய் நெறயச் சிரிக்கத்தான் எடம் தேட வேண்டியிருந்துச்சு."