இன்னாசி கெடுத்துக் கொடுத்த கார்

மெக்கானிக் இன்னாசி டியூன் செய்த எஞ்சின் மேல் டீ கிளாஸை வைத்தால் ததும்பாது. பெட்ரோலைக் குடிக்கிறது என்று அவினாசியப்பன் விட்டுப்போன கிழட்டுக் காரும் அப்படித்தான் திரும்பிப் போனது. மறுநாள் காலையிலேயே பட்டறை வாசலில் வந்து நின்றது.

“பழையபடி திக்கித் திக்கி ஓடோணும் இன்னாசி. மறதி நோவுல எம் பொண்டாட்டிக்கு என் மொகமே தெரியாமப் போயி நாலு மாசமாச்சு. இந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் நான்னு கதவத் தொறப்பா. நேத்து யாரோன்னு நெனச்சுத் தாழ்ப்பாளப் போட்டுட்டா. வண்டிக்குள்ளயே படுத்திருந்தேன்.”

“ஏறுங்க. நேராக்குனவனுக்குக் கோணலாக்கத் தெரியாதுங்களா?”

அவர் வீட்டு வாசலில், ஓடும் எஞ்சினின் மேல் குனிந்து, கார்புரேட்டர் திருகை இன்னாசி கால் சுற்று முறுக்கினான். எஞ்சின் கனைத்தது. கதவு அசையவில்லை.

“இல்ல, இது லாரி இருமுற மாதிரி இருக்குது.”

இன்னொரு கால் சுற்று. பிறகு ஒரு மயிரிழை பின்னால். மூன்று துடிப்பு, ஒரு தடுமாற்றம். மூன்று துடிப்பு, ஒரு தடுமாற்றம். இன்னாசி கையை எடுத்துவிட்டான். அவினாசியப்பன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

தாழ்ப்பாள் விலகியது. வாசலுக்கு வந்தவள் இடுப்பில் கையை வைத்தாள்.

“ஏனுங்க, இன்னைக்கும் இந்த வண்டிய ஒரு நல்ல மெக்கானிக்குகிட்டக் காட்டாமத்தான் வந்தீங்களா?”

இன்னாசி பானெட்டுக்குள் இன்னும் ஆழமாகக் குனிந்துகொண்டான்.