கேட்கக் கூடாத கேள்வி

ஆடிட் ஆபீசில் இன்டர்ன்ஷிப் சேர்ந்த முதல் வாரமே மாணவி வசமாக மாட்டிக்கொண்டாள். மேனேஜர் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

"க்ளையன்ட் முதலாளிகிட்டப் போய், 'இவ்வளவு நஷ்டம் வர்ற வரைக்கும் தூங்கிட்டா இருந்தீங்க?'ன்னா கேக்கறது?"

"மனசுல பட்டதைத்தானே கேட்டேன், மேடம்?"

"மனசுல பட்டதைக் கேக்கறதுக்கா நமக்கு ஃபீஸ் தர்றாங்க? 'சில சவால்கள் உள்ளன'ன்னு பவுடர் பூசி எழுதணும். இன்னொரு தடவை வாயைத் திறந்தீங்க, காலேஜுக்கே திருப்பி அனுப்பிடுவேன்!"

மாணவிக்குச் சுருக்கென்றது. வெளியே மற்ற இன்டர்ன்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது கண்ணாடி வழியே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சாரி மேடம்" என்றாள்.

மாலையில் இருவரும் ஒரே காரில் ஏறினார்கள். கதவு மூடியதும் மேனேஜரின் சுருதி இறங்கிவிட்டது.

"கோவமா அத்தை? மாமியார்னு ஆபீஸ்ல சலுகை காட்ட முடியாதில்ல? உங்க பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்க."

மகனைக் கரையேற்றிய பிறகு, பாதியில் விட்ட படிப்பைத் திரும்பப் பிடித்திருந்த மாமியார், சீட் பெல்ட்டை நிதானமாக இழுத்து மாட்டினாள்.

"எனக்கென்னடி கோவம்? ஆபீஸ்ல நான் இன்டர்ன், திட்டு வாங்கித்தான் ஆகணும். வீட்ல நீ இன்டர்ன். கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, உன்னை நான் இன்னும் பர்மனென்ட் பண்ணலையே!"