முதல் கியரில் துள்ளிய ஜீப்

காபித் தோட்டத்துப் பழைய ஜீப், முதல் கியரில் மேடு ஏறும்போதெல்லாம் முரட்டுக் காளை மாதிரி துள்ளியது.

“எல்லாம் இந்த கார்புரேட்டர் பண்ற வேலை,” என்றது என்ஜின். “பெட்ரோலைத் திடீர்னு கொட்டுது, திடீர்னு நிறுத்துது. எனக்குத் தெரியாதா?”

“ஆக்சிலரேட்டர் கம்பியை இழுத்தா திறக்கிறேன், விட்டா மூடுறேன். டிரைவர் கால் அசையவே இல்லை. இழுக்கிறது யாருன்னு பாருங்க,” என்றது கார்புரேட்டர்.

யாரும் பார்க்கவில்லை. டிரைவர் மரியதாஸ் கார்புரேட்டரைக் கழற்றி வீசிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார். “இதுக்கும் சரியாகலைன்னா வண்டியை உடைக்கக் கொடுத்துடுவேன்,” என்றார்.

அதே மேடு. அதே துள்ளல்.

என்ஜினைத் தாங்கும் ரப்பருக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, நான் கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு. பிடிப்பு இல்லாம நீங்கதான் முன்னும் பின்னும் ஆடுறீங்க. முன்னால போனா கம்பி இழுபடுது, பின்னால வந்தா தளருது.”

“நானா?” என்றது என்ஜின். “நான் வச்ச இடத்துலயே கல்லு மாதிரி இருக்கேன். ஆடுறது ஜீப்புதான். முதல்ல இந்தப் புதுசையும் மாத்தச் சொல்லு.”